பிரான்சிலிருந்து திரும்பி வந்த நிலாவாகை

எங்கள் குடும்பத்தில் காலையில் எதிரில் வருபவரிடம் முதலில் கேட்பது "வெளிய போனியா?" என்றுதான். காப்பி குடித்தாயா, தூங்கினாயா என்பதெல்லாம் அப்புறம். ஒரு ராத்திரி தங்கிய விருந்தாளிக்கும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கு கிடையாது. கல்யாணமான புதிதில் என் அப்பா கூடத்தில் எல்லோர் முன்னாலும் இதைக் கேட்டுவிட, என் மனைவி அடுக்களைக்குள் போய் நின்றவள் மத்தியானம்வரை வெளியே வரவில்லை. இப்போது அவள்தான் புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் எங்கள் தெரு முழுவதையும் விசாரிக்கிறாள். இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கடுக்காய், உலர் திராட்சை, விளக்கெண்ணெய், ரெண்டு பூவன் பழம் என்று கையோடு யோசனையும் வந்துவிடும்.

எனக்கு இன்னொரு பீடையும் உண்டு. கண்ணில் படுகிற பொட்டலம், டப்பா, பாட்டில் எதுவாக இருந்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பேன். என் தொழில் அப்படி. தட்டாஞ்சாவடியில் மருந்துக்கும் சோப்புக்கும் அட்டைப்பெட்டி அச்சடித்துக் கொடுக்கிற ஒரு பட்டறையில் வேலை. பெட்டியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே, அந்தப் பொடி எழுத்தை மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பது என் பொறுப்பு. அர்த்தம் புரிய வேண்டியதில்லை. இதுவும் அதுவும் ஒன்றா, வேறா என்று தெரிந்தால் போதும். இந்தியும் லத்தீனும் கண்ணுக்குப் பழக்கமே ஒழிய வாய்க்குப் பழக்கமில்லை. "பொண்ணு பாக்க வந்தப்பவே பிஸ்கட் பாக்கெட்டத் திருப்பித் திருப்பிப் படிச்சவரு, என் மொகத்த எங்க பாத்தாரு" என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான் என்னை அக்காவின் அலமாரிக்குள் கொண்டுபோய் விட்டன.

அக்கா எனக்கு மூத்தவள். அப்பா மில் தொழிலாளி. இருந்தாலும் அவளுக்கு ஒரு சொல்தா மாப்பிள்ளை அமைந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரெஞ்சுப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நல்ல மனிதர். பட்டாளத்து மிடுக்கோடு நடப்பார், சாப்பாட்டு நேரம் ஒரு நிமிஷம் தள்ளினாலும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரே மகள். படித்து, அங்கேயே வேலை தேடிக்கொண்டு பிரான்சில் இருக்கிறாள். அக்காவின் கணவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமானார். அதற்குப் பிறகு டவுனில் அந்த மாடி வீட்டில் அக்கா தனி. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குடியிருக்கிறார். நான் வேலை முடிந்து ஆற்றுப்பாலம் தாண்டி வீட்டுக்குப் போகும் வழியில் முடிந்தபோதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.

கணவர் போன பிறகுதான் அக்காவுக்கு வயிறு கட்ட ஆரம்பித்தது. எங்கள் குடும்பமாயிற்றே, அவளும் மறைக்கவில்லை. என் மனைவியிடம் சொன்னாள், மகளிடம் சொன்னாள், கீழ் வீட்டு ஆசிரியையிடமும் சொன்னாள். கொஞ்ச நாளில் "இப்ப பரவால்ல" என்றாள். நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் இறங்கி வரும்போது கால் பிசகி விழுந்தாள். நல்லவேளை, கடைசிப் படிகள்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் விழுந்தது ஏன் என்பதுதான் கேள்வியாகிப் போனது. தொடையில் பிடித்து இழுக்கிறது, கையில் பலமில்லை, தம்ளரைத் தூக்கினால் நடுங்குகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றார்கள். குடிக்க மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தாள். மறுபடி பார்த்தால் மறுபடி குறைந்திருந்தது. ஏன் இப்படி இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டருக்கே பிடிபடவில்லை. "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மகள் பயந்துவிட்டாள். அம்மாவைத் தனியாக விட முடியாது, அங்கேயே கூட்டிப்போய் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து பேப்பர் வேலையெல்லாம் தொடங்கிவிட்டாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது. பெற்றவள் மாடிப்படியில் விழுகிறாள் என்றால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்?

அக்கா பயந்தது வேறு காரணத்தால். மகள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வருஷம் அக்கா ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்தவள். ஜன்னலைத் திறக்கக் கூடாது, மாடியில் நின்று தெருவில் போகிறவரிடம் பேச முடியாது, மகள் வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை சுவரைப் பார்க்க வேண்டும். "கழுவத் தண்ணி வெக்காத ஊருடா அது. காகிதத்தக் கையில குடுக்குறான். அங்க போயி எனக்கு எங்கேர்ந்து வரும்?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பேப்பர் வேலை தொடங்கிய செய்தி வந்த அன்று அவள் சிரிக்கவில்லை.

"நீ எதையும் நோண்டுற ஆளாச்சே. எனக்கு என்னா கோளாறுன்னு நீ பாத்துச் சொல்லு. இந்த வூட்ட விட்டுக் கெளம்புனா நான் திரும்பி வரமாட்டேன். எனக்குத் தெரியுது" என்றாள்.

அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. கொடுத்துத்தான் பழக்கம். சரி என்று மட்டும் சொன்னேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். படிக்க ஆரம்பித்தேன். அவள் வீட்டு எண்ணெய் பாக்கெட், உப்பு பாக்கெட், காப்பித்தூள், ரொட்டிக்கடை உறை, பல்பொடி வரை ஒன்றையும் விடவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். கீழ் வீட்டு ஆசிரியை, "என்ன தம்பி, வீட்ட விலை பேசுறீங்களா?" என்று கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. பட்டறையில் ஒரு பெட்டியை இரண்டு தடவை படித்தும் தவறு தெரியவில்லை என்றால், படிக்காமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பூ வாங்கக் கீழே இறங்கினாள். நான் சமையலறை அலமாரியைத் திறந்தேன். இதில் எனக்கு வெட்கமொன்றும் இல்லை, அவளே கொடுத்த வேலை. காப்பி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம். அதன்மேல் பிரெஞ்சு எழுத்து. கீழ்த்தட்டில் பழைய ஊறுகாய் பாட்டிலில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பொடி. அந்த மூடியை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு பாட்டில். சாமி மாடத்தில் படங்களுக்குப் பின்னால் ஒரு வட்ட டப்பா, ஆயுர்வேத சூரணம் என்று போட்டிருந்தது. மூன்றும் தீர்ந்து தீர்ந்து நிரப்பப்பட்டவை என்று பார்த்தாலே தெரிந்தது.

பூவோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாமி மாடத்துலயும் கைய வுட்டியா?"

"ஏன்க்கா ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒளிக்கல. ஒருத்தர் குடுத்தது ஒருத்தர் கண்ணுல பட வேணாம்னுதான்."

பிறகு சாவகாசமாக உட்கார்ந்து விளக்கினாள். ஊறுகாய் பாட்டில் என் மனைவி கொடுத்தது. அவள் காலையில் போன் செய்து "அண்ணி, பொடி சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அதனால் காலையில் அது. டப்பா, கீழ் வீட்டு ஆசிரியை தனக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கிக் கொடுப்பது. அவர் மத்தியானம் மாடிக்கு வருவார். அதனால் மத்தியானம் அது. பொட்டலம் மகள் அனுப்புவது. தீசான் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் குடிக்கிற மூலிகைத் தண்ணீர். சாயங்காலம் மகள் வீடியோவில் வருவாள். அவளுக்கு எதிரிலேயே வெந்நீரில் போட்டுக் குடித்துக் காட்ட வேண்டும்.

"மூணு பேரும் ஆசையா குடுத்தது. ஒண்ண வேணாம்னா ஒருத்தி மொகம் வாடிப்பூடும். கொண்டாந்து குடுத்தத வேணாம்னு எப்டிச் சொல்றது?"

"டாக்டர் கேட்டாரே, ஏன் சொல்லல?"

"அவரு மருந்து சாப்புடுறீங்களான்னுதான கேட்டாரு. இது மருந்தா? ஒண்ணு டீ. ஒண்ணு நம்ம வூட்டுப் பொடி. அது வந்து, ஆயுர்வேதம்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த டாக்டர் என்னைக் கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். கடுக்காயை மருந்துக் கணக்கில் சேர்க்கிற வீடு எங்கள் பக்கம் எது?

பொட்டலத்தைப் பிரித்தேன். காய்ந்த இலை, கொஞ்சம் சோம்பு, ஏதோ சிவந்த பூவின் இதழ். இலையில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பொட்டலத்தின் பின்பக்கத்தையும் டப்பாவின் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், அக்காவுக்குப் பொடி எதில் செய்கிறாய் என்று கேட்டேன். நாட்டு மருந்துக் கடையில் வயிற்றை இளக்கும் நிலாவாகை இலை வாங்கி, லேசாக வறுத்து, சுக்கும் ஓமமும் இந்துப்பும் சேர்த்து அரைப்பதாகச் சொன்னாள். அரைக்காமல் மீதி இருந்த இலையைத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு சாஸரில் வெந்நீர் ஊற்றி, ஒன்றில் கடை இலை, ஒன்றில் பிரான்ஸ் இலை போட்டேன். சுருண்டிருந்தவை மெல்ல விரிந்தன. நீண்டு, நுனி கூர்ந்த சின்ன இலைகள். காம்போடு சேருமிடத்தில் இலையின் ஒரு பாதி கொஞ்சம் மேலேயும் மறுபாதி கொஞ்சம் கீழேயும் தொடங்கியது. அளவு தப்பி வெட்டியது போன்ற அந்தக் கோணல், இரண்டு சாஸரிலும் ஒரே மாதிரி இருந்தது. ருசி பார்த்தேன். நாக்கில் ஒரே வழவழப்பு, ஒரே கசப்பு.

"இதுல நம்ம கடை எல. அதுலயும் எதுக்கு அதையே போட்டீங்க?" என்றாள் மனைவி, பிரான்ஸ் சாஸரைக் காட்டி.

அவள் வாயாலேயே வந்துவிட்டது. பிறகு படங்களைப் பெரிதாக்கிப் பட்டறையில் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பொட்டலத்தில் பிரெஞ்சுப் பெயருக்குப் பக்கத்தில் சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் பெயர். ஆயுர்வேத டப்பாவில் ஸ்வர்ணபத்ரி என்று போட்டு, பக்கத்தில் சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் பெயர். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. பொட்டலத்தின் அடியில் இலை வந்த நாடு இந்தியா என்று வேறு இருந்தது. எங்கோ திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசலில் விளைந்தது கப்பலேறிப் போய், அங்கே சோம்போடும் பூவோடும் பொட்டலம் கட்டப்பட்டு, விமானத்தில் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் ஊறுகாய் பாட்டிலுக்கு இரண்டு தட்டு மேலே உட்கார்ந்திருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. மூன்று வேளையும் ஒரே இலை என்றால் மூன்று மடங்கு, உடம்பின் பலமும் அதோடு போயிருக்கும் என்று அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.

"அப்ப அண்ணிய விழ வெச்சது நானா?" என்றாள்.

"நீ மட்டும் இல்லயே."

"நாந்தான தினம் போன் பண்ணி, சாப்புட்டீங்களா சாப்புட்டீங்களான்னு கேட்டேன்."

மீதி இலை முழுவதையும் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எவ்வளவு சமாதானம் சொல்லியும் எடுபடவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் குதித்த குதிப்பு அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அந்த வாரமே மூன்றையும் ஒரு பையில் போட்டு, அக்காவை ஆயுர்வேத டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, பொட்டாசியம் மருந்து தொடரட்டும், அந்த இலையை எப்படி விடுவதென்று தெரிந்தவரிடம் கேட்டு விடுங்கள் என்றார். ஆயுர்வேத டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பாட்டிலை முகர்ந்தார், டப்பாவைப் படித்தார், பொட்டலத்தைப் பிரித்து ஒரு இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் சொன்னது சரி, மூன்றும் ஒரே இலைதான் என்றார்.

"நல்ல இலைதான். ரெண்டு மூணு நாளைக்கு. வருஷக் கணக்கா தினம் மூணு வேளை குடுத்தா, குடல் தானா வேலை செய்றத விட்டுடும். உடம்புல இருக்கிற பொட்டாசியமும் அதோட போயிடும். ஆயுர்வேதம்னு போட்டுட்டா அளவு கிடையாதுன்னு யாரும்மா சொன்னது?" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். படிப்படியாகக் குறைத்துவிட்டு, இலையை முற்றிலும் நிறுத்த வேண்டும், நாலைந்து நாள் ஒன்றுமே நடக்காது, பயப்படக் கூடாது என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"ரொட்டி, காப்பி."

"மத்தியானம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். "அதே ரொட்டிதான். பால்ல தொட்டுக்குவேன்."

"ராத்திரி?"

அக்கா மேசைமேல் இருந்த மூன்றையும் எடுத்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

"அவரு இருந்தப்ப நேரத்துக்குப் பொங்கிடுவேன். இப்ப ஒருத்திக்கு என்னாத்த ஒல வெக்கிறது? ரொட்டிக்காரன் வாசல்ல கொண்டாந்து குடுத்துர்றான்" என்றவள் கொஞ்சம் நிறுத்தி, "எல்லாரும் வெளிய போவுறதுக்குத்தான் குடுத்தாங்க. உள்ள என்னா போவுதுன்னு நீங்கதாம்மா கேக்குறீங்க" என்றாள்.

குற்றம் சொல்வது போல அவள் சொல்லவில்லை. டாக்டரின் கேள்விக்கு ஒரு பதில், அவ்வளவுதான். இருந்தாலும் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அடுப்பின் மேல் ஒரு சட்டியைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

குறைக்கிற நாட்கள் சுலபமாக இல்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வெந்நீர் குடித்தாள், ஊறவைத்த திராட்சையைச் சாறோடு விழுங்கினாள், சோற்றில் நெய் விட்டுக்கொண்டாள். என் மனைவி பஸ் ஏறி வந்து முருங்கைக்கீரையும் சுரைக்காய்க் கூட்டும் செய்து வைத்துவிட்டுப் போனாள். கேள்வி மட்டும் கேட்கவில்லை. எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு ஆள் மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போய், "வெளிய போனியா?" என்று கேட்காமல் திரும்பியது அதுதான் முதல் தடவை. ஒருநாள் பட்டறையில் மத்தியானம் போன் வந்தது. "போச்சுடா" என்றாள் அக்கா. மெஷின் சத்தத்தில் நான் "என்னா போச்சு?" என்று பதறிவிட்டேன். பக்கத்து மெஷின்காரர்கள் துக்கச் செய்தியோ என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. தொடைப் பிடிப்பு போய்விட்டது. ஆனால் மகளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் அங்கே அம்மாவுக்கு அறை ஒதுக்கி, திரைச்சீலைகூட வாங்கிவிட்டாள்.

"அவகிட்ட சொல்லிடுக்கா. காரணம் தெரிஞ்சுபோச்சு, சரியாப் போச்சுன்னு சொன்னா விட்டுடுவா" என்றேன்.

"சொன்னா, அம்மாவ விழ வெச்சது நான் அனுப்புன எலன்னு ஆயிடும். ஒம் பொண்டாட்டி ஆத்துக்கு அந்தாண்ட இருக்குறவளே சோறு எறங்காம கெடந்தா. அவ அங்க தனியா இருக்குறவ."

"சொல்லாட்டிப் போனா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவா."

"தெரியுது."

"அப்ப அவ அனுப்புன எலய மட்டும் மறச்சுடு. எங்க பொடின்னு சொல்லு. நான் திட்டு வாங்கிக்கிறேன்."

அதற்கு அக்கா சொன்னது நான் எதிர்பாராதது.

"அவளுக்குத் தமிழ் கொறஞ்சுக்கிட்டே வருது. எனக்கு பிரெஞ்சு பாஷை சந்தைக்குப் போற அளவுக்குத்தான் தெரியும். அவ வேல எனக்குப் புரியாது, என் தெரு அவளுக்கு மறந்துபோச்சு. தெனமும் போன் பண்ணி, அம்மா போனியா, தீசான் குடிச்சியான்னு கேக்குறா. நான் ஆமான்றேன், இல்லன்றேன். அத வெச்சு அரை மணி நேரம் ஓடுது. எனக்கு நல்லாப் போவுதுன்னு சொல்லிட்டா, அப்புறம் அவகிட்ட எதப் பத்திப் பேசுறது?"

எனக்கு அக்காவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வயிறு கட்டிக்கொண்டதுதான் மகளைக் கட்டி வைத்திருக்கிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். அதை அவிழ்க்கும் மருந்தையும் மூன்று வேளை குடித்திருக்கிறாள்.

டிக்கெட் போடப் போகிறேன் என்று மகள் சொன்ன நாளில் அக்கா என்னை வரச் சொன்னாள். சாயங்காலம், விளக்கேற்றிய நேரம். நாங்கள் கூடத்தில் இருந்தோம். போனை மேசைமேல் சாய்த்து வைத்து அக்கா எதிரில் உட்கார்ந்தாள். நான் படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். மகள் வந்தாள். அங்கே பட்டப்பகல். ஆபீஸ் மேசை, பின்னால் ஜன்னல், கையில் வழக்கம்போல ஒரு கோப்பை.

"அம்மா, போனியா? தீசான் எங்க, கோப்பையக் காணோம்?"

"குடிக்கலம்மா. நிறுத்திட்டேன்."

"ஏன்? தீர்ந்துபோச்சா? அனுப்புறேன், தக்கோர்?" என்றாள். சரியா என்று கேட்பதற்கு அவள் அப்படித்தான் சொல்வாள்.

அக்கா என் யோசனையைக் கேட்கவில்லை. என் மனைவி மேலும் பழி போடவில்லை, ஆசிரியை மேலும் போடவில்லை. "நாந்தாம்மா தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கி, மூன்றைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்றும் ஒரே இலை என்றாள். அதனால்தான் விழுந்தேன் என்றாள். யார் கொடுத்ததையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் குடித்தேன், இப்போது விட்டுவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. அந்தப் பக்கம் மகள் அசையவில்லை. படம் நின்றுபோய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவள் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுவும் அதுதான்" என்றாள்.

"எதும்மா?"

"நான் குடிக்கிறது. தினம் உன்னோட குடிக்கிறேன் இல்ல, அதே பொட்டலம். உனக்கு ஒண்ணு வாங்குறப்ப எனக்கும் ஒண்ணு வாங்குவேன்."

அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒனக்கு எதுக்கு?"

"எனக்கும் போறதில்லம்மா."

"எப்பத்துலேர்ந்து?"

"அப்பா போனதுலேர்ந்து" என்றாள்.

அக்காவின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று அத்தனை நாள் வைத்திருந்த பயம் அதில் இல்லை. கோபம் வந்திருந்தது, நல்ல பழைய கோபம், சின்ன வயதில் நான் சாப்பிடாமல் விளையாடப் போனால் வருமே அது.

"மத்தியானம் என்னா சாப்புட்ட?" என்று கேட்டாள்.

"இங்க எல்லாரும் மேசையிலயே சாப்பிடுவாங்கம்மா."

"நான் எடத்தக் கேக்கல."

"ரொட்டி."

"ராத்திரி?"

மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அழுதுவிட்டாள். அவள் அழுது முடிந்ததும் அக்கா, "டிக்கெட் போடு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா, என்றேன். என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி அடக்கினாள்.

"நீ என்னக் கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. நான் வந்து ஒனக்கு ரெண்டு மாசம் பொங்கிப் போடுறேன். திரும்பி வர்றதுக்கும் சேத்தே போடு. அந்தக் கோப்பையக் கீழ வெய்யி மொதல்ல."

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள்.